மேல்கையின் கணுக்கால்

இரும்பு பீரோ அரை அடி தானாக இறங்கியது. நடந்தது அவ்வளவுதான். ஐந்தாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே, திருப்பத்துக்கு ஆறு படி மேலே. கீழே நின்று நெஞ்சால் பீரோவைத் தாங்கிக்கொண்டிருந்த சின்னவனின் வலது பாதம் படியிலேயே ஊன்றி நின்றது. முழங்கால் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியது. ஈரத்துணியை உதறினாற்போல 'டப்' என்று ஒரு சத்தம். சின்னவன் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். இருந்த மூச்சையெல்லாம் பீரோ வாங்கிக்கொண்டிருந்தது.

மேலே பிடித்திருந்தவனுக்குச் சத்தமும் கேட்டது, காரணமும் தெரிந்தது. பீரோவைக் கட்டின பட்டை அறுந்துபோகவில்லை, கை வழுக்கவில்லை, படியில் தண்ணீர் கிண்ணீர் ஒன்றும் இல்லை. அவனுடைய இடது கணுக்கால் மடங்கிவிட்டது. மடங்கின வேகத்தில் சுவரில் தோளை முட்டுக்கொடுத்துச் சமாளித்துக்கொண்டான். அந்த நொடியில் நழுவியதுதான் அந்த அரை அடி.

வீடு மாற்றுகிற தொழிலில் படியிறங்கும்போது கீழே நிற்பவன் சுமக்கிறவன், மேலே நிற்பவன் பிடிக்கிறவன். சாமான் வேகமெடுக்காமல் பட்டையை இழுத்துப் பிடிக்க வேண்டும். "வலது, இடது, நிறுத்து" என்று கீழே உள்ளவனுக்குக் கண்ணாகவும் இருக்க வேண்டும். கீழே உள்ளவனுக்குத் தன் பாதமே தெரியாது. மேலே உள்ளவன் கையை நம்பித்தான் காலைத் துழாவித் துழாவி வைப்பான். பதினோரு வருஷமாக இவன் மேல்பக்கம் தவிர வேறு பக்கம் நின்றதில்லை. கேட்டால் அனுபவம் என்பான். கூட வேலை பார்ப்பவர்கள் அதனாலேயே 'மேல்கை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சின்னவன் அவனுடைய சகலை. அக்காளைக் கட்டினவன் மேல்கை, தங்கையைக் கட்டினவன் சின்னவன், இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். கல்யாணமான கையோடு அவனைத் தொழிலுக்கு இழுத்து வந்து, மூன்று வருஷமாகத் தனக்குக் கீழேயே நிறுத்தி வைத்திருந்தான். மாமனார் வீட்டு வரிசையிலும் நான்தான் மேலே, மாடிப்படியிலும் நான்தான் மேலே என்று சொல்லி ஆட்களைச் சிரிக்க வைப்பான். சின்னவனும் சேர்ந்து சிரிப்பான்.

அனுபவம் என்பது கப்சா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டிலோடு இறங்கும்போது மேல்கைக்குக் கால் பிசகியது. பூட்ஸைக் கழற்றாமல் அன்று பூராவும் வேலை பார்த்தான். ராத்திரி சுடச்சுட எண்ணெய் விட்டுத் தேய்த்தான். மறுநாள் தெரிந்தவன் ஒருத்தனை விட்டு இழுக்கச் சொன்னான், மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டான். வலி போயிற்று. கால் பழைய காலாகத் திரும்பி வரவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் கொள்ளாமல் மடங்கும். கட்டின மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை. கையில் வலுக் குறைந்தவனுக்கு இந்தத் தொழிலில் இடம் உண்டு. பெட்டி கட்டுவான், திருகாணி கழற்றுவான். கால் நம்பமுடியாதவனோடு ஒருத்தனும் பாரம் தூக்க மாட்டான். விஷயம் வெளியே தெரிந்த அன்றைக்கே அவன் பிழைப்பு போச்சு.

"இன்னும் ஆறு படி," என்றான் மேல்கை. "திருப்பத்துல இறக்கிடலாம். வர்றியா?"

படியின் சரிவில் பீரோவைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் அது ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினான். பீரோவுக்கு அந்தப் பக்கம் மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொரு படிக்கும் மேல்கை தன் இடது காலைப் பார்த்துப் பார்த்து வைத்தான். இன்னொரு தடவை மடங்கினால் கீழே இருப்பவன் காலோடு போகாது. ஆறாவது படி முடிந்து பீரோவின் கால்கள் தரையில் உட்கார்ந்தபோது இரண்டு பேர் சட்டையும் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

சின்னவன் அப்படியே சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. பூட்ஸ் லேஸில் கை வைத்தான்.

கழற்றாதே என்றான் மேல்கை. கழற்றினால் வீங்கிவிடும், அப்புறம் பூட்ஸ் ஏறாது, கட்டினபடியே இருந்தால்தான் கால் அடங்கும் என்றான். தொழிலில் எல்லாரும் சொல்கிறதுதான். தனக்கு அது எப்படி முடிந்தது என்பது அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை, அல்லது வரவிடவில்லை.

கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நிற்காமல் ஹாரன் அடிப்பதால் அவனுக்கு ஹாரன் என்றே பேர். மேல்கை படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சின்னவன் படி தவறிவிட்டான், லேசான சுளுக்குதான், கொஞ்சம் மேலே வா என்று கத்தினான்.

வார்த்தை வாயைவிட்டுப் போய்விட்டது. திரும்பினால் சின்னவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்கங்க சகலை," என்றான் சின்னவன். "நான்தான் சரியா கால் வைக்கல போல. திடீர்னு பாரம் என் மேல வந்த மாதிரி இருந்துச்சு. பிரமையா இருக்கும்."

மேல்கை அதைக் காதில் விழாத மாதிரி பட்டையைச் சுருட்ட ஆரம்பித்தான். சுருட்டிய பட்டையை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

அப்போதுதான் நான்காவது மாடியில் கதவு திறந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் பெண், தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடித்துக் காலை எட்டு மணிக்குத்தான் படுத்தேன், கட்டடத்தையே பிரித்துக்கொண்டு போகிறீர்களா என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் சின்னவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வந்து எதிரே குந்தினாள்.

"பூட்ஸைக் கழட்டுங்க."

"வீங்கிடும் சிஸ்டர்," என்றான் மேல்கை.

"பூட்ஸுக்குள்ள இருந்தா வீங்காதா? உள்ள வீங்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். அப்புறம் கத்தரிக்கோல் வச்சு வெட்டித்தான் எடுக்கணும். பூட்ஸை வெட்டுறதா, காலை வெட்டுறதாங்கறது உங்க இஷ்டம்."

லேஸை அடி வரை தளர்த்தி, குதிகாலைத் தாங்கிப் பிடித்து மெதுவாக உருவினாள். சின்னவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் மினுமினுவென்று உப்பியிருந்தது. விரல்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். விரலை அசைக்கச் சொன்னாள். நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள்.

மேல்கை மனதுக்குள் கணக்குப் போட்டான். எலும்பு என்று அவள் சொல்லிவிட்டால் வேலை கொடுக்கிற மேஸ்திரி வருவார், எப்படி என்று கேட்பார், யார் எங்கே நின்றது என்று கேட்பார். சுளுக்கு என்றால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சுளுக்கு யாருக்கும் வரும்.

"அப்படி ஒண்ணும் வீங்கல சிஸ்டர்," என்றான். "கால் வாகே அப்படித்தான். என் காலைப் பாருங்களேன்."

சொன்ன வேகத்தில் தன் பூட்ஸில் ஒன்றைக் கழற்றிச் சின்னவன் காலுக்குப் பக்கத்தில் நீட்டினான். இடது பூட்ஸ். லேஸை எப்போதும் தளர்த்தியே கட்டுவதால் அதுதான் சட்டென்று கழன்று வரும். பதினோரு வருஷமாகத் தினமும் பார்க்கிற கால். அவனுக்கு அது கால் மாதிரிதான் தெரிந்தது. இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கணுவெலும்பு இருக்கிற இடமே தெரியாமல் இரண்டும் ஒரே பருமன்.

"பாத்தீங்களா, ஒரே மாதிரி," என்றான்.

அவள் சின்னவன் காலை விட்டுவிட்டு மேல்கையின் காலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இது எத்தனை வருஷத்துப் பழசு?"

"எது?"

"அந்த இன்னொரு காலையும் காட்டுங்க."

மேல்கை வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டான். உடல்வாகு என்று எதையோ மென்று முழுங்கினான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் அவனவன் மறுகாலோடு ஒப்பிட வேண்டும், அடுத்தவன் காலோடு இல்லை என்று சொல்லிவிட்டு, சின்னவனின் இடது பூட்ஸைக் கழற்றினாள். அந்தக் கால் ஒடிசலாக, கணுவெலும்பு கோலிக்குண்டு மாதிரி துருத்திக்கொண்டு இருந்தது. நல்ல கால் இப்படித்தான் இருக்கும் என்பதை மேல்கை முதல் தடவையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

ஹாரன் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தான். பீரோவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, என்னப்பா சகலை, மாமனார் வீட்டு விருந்துக்கு இப்பவே கால் நீட்டி உட்கார்ந்துட்டியா என்றான். யாரும் சிரிக்காததால் அவனும் வாயை மூடிக்கொண்டான்.

அவள் வெளிக்கணுவின் பின் விளிம்பைக் கீழிருந்து மேலாக விரலால் அழுத்திக்கொண்டு போனாள். வலி அதிகம் இல்லை. உள்கணுவிலும் இல்லை. சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடு எலும்பை அழுத்தினாள், அங்கேயும் இல்லை. மேல்கைக்கு உயிர் வந்தது. சுளுக்குதான், நான்தான் சொன்னேனே, ஆறு படி நடந்தே வந்தான், உடைந்திருந்தால் நடக்க முடியுமா என்றான்.

"பாரத்தோட இருக்கறப்ப யாரும் நடந்துருவாங்க. அது கணக்கில்ல." அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டாள். "படி தவறினா பெரும்பாலும் பாதம் உள்பக்கமா மடங்கும். அப்ப வலி இந்த வெளிக்கணுவுக்கு அடியில இருக்கணும். இவருக்கு அங்க ஒண்ணுமே இல்ல. வலியெல்லாம் மேல, முன்பக்கம் இருக்கு. எப்படி ஆச்சு?"

"படி தவறிட்டேன் சிஸ்டர்," என்றான் சின்னவன்.

"நீங்க பார்த்தீங்களா?" என்று அவள் மேல்கையைக் கேட்டாள்.

"ஆமா. படி தவறிட்டான்."

அவள் சின்னவன் காலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள். நீங்கள் சொல்கிறதை வைத்துத்தான் நான் சொல்ல முடியும் என்றாள். வெறுமனே படி தவறியதுதான் என்றால் சாதாரணச் சுளுக்கு, எழுந்து நாலு அடி நடந்து பார்க்கட்டும், நடக்க முடிந்தால் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறங்கலாம், வீட்டில் ஐஸ் வைத்துக் கட்டுப் போட்டுப் படுக்கலாம். மேலே இருக்கிற தசைநார் போயிருந்தால் கதையே வேறு, அதன்மேல் நாலு மாடி நடந்தால் இரண்டு எலும்புக்கும் நடுவில் பிரிந்துகொண்டே போகும், பிறகு கம்பி வைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்றாள்.

"நடந்துருவேன்," என்றான் சின்னவன். தவறு தன்னுடையது என்று நினைத்துவிட்டவனுக்கு வரும் வீம்பு அது. கைப்பிடியைப் பிடித்து எழுந்துவிட்டான். ஒற்றைக் காலில் நின்று, வலது காலை மெல்லத் தரையில் வைத்தான். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அவன் உடம்பின் பாரம் அந்தக் காலுக்கு மாறப் போவதை மேல்கை பார்த்தான்.

"வைக்காத," என்றான். "உட்காரு."

"பரவாயில்ல சகலை, முடியும்."

"உட்காருடா. நீ படி தவறல." குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "என் கால் மடங்கிருச்சு. மேல நான் விட்டுட்டேன். அரை அடி. பாரம் பூரா உன் மேல வந்துச்சு. உன் பாதம் நகரல, முட்டிதான் திரும்புச்சு. நான் பார்த்தேன்."

ஹாரன் பீரோவிலிருந்து முழங்கையை எடுத்தான். சின்னவன் ஒற்றைக் காலில் நின்றபடியே இருந்தான். அந்தப் பெண் மட்டும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. சின்னவனைப் பிடித்து உட்கார வைத்தாள். கெண்டைக்காலின் நடுவில் இரண்டு பக்கமும் கை கொடுத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். அமுக்கினது கெண்டையில், சின்னவன் அலறிப் பிடித்தது கணுக்காலை.

"அதான்," என்றாள். "இது நடந்து இறங்குற காலே இல்ல. படம் எடுக்கணும். அதுவரைக்கும் தரையில படக்கூடாது."

உள்ளே போய் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, கால் மணி நேரம் வைக்கலாம், வெறும் தோலில் வைக்கக் கூடாது என்று சொல்லி ஹாரன் கையில் கொடுத்தாள். கட்டுப்போடும் துணியை விரல் பக்கமிருந்து மேலே சுற்றினாள், விரல்நுனி தெரிகிற மாதிரி. தேய்க்கக் கூடாது, எண்ணெய் கூடாது, வெந்நீர் கூடாது, யாரையும் விட்டு இழுக்கக் கூடாது என்றாள். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மேல்கையைப் பார்த்தாள். இழுத்த கால் எப்படி இருக்கும் என்று அங்கேதான் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்ததே.

பிறகு ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்தாள். சின்னவனை அதில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று முடிவாயிற்று. ஹாரன் கீழ்ப்பக்கம் முன்கால்களைப் பிடித்தான். மேல்கை பழக்கதோஷத்தில் முதுகுப்பக்கம் போய்ச் சாய்வுக்கட்டையில் கை வைத்தான்.

"நீ விடு," என்றான் ஹாரன்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அடுப்பில் கை வைக்கப் போகிறவனைச் சொல்கிற மாதிரி சொன்னான். மேல்கை கையை எடுத்தான்.

"நான் பிடிக்கிறேன்," என்றாள் அவள். "தினமும் ஆள் தூக்கறதுதான் என் பொழப்பு."

அவள்தான் மேல்பக்கம் பிடித்தாள். மேல்கை அவர்களுக்குப் பின்னால் சின்னவனின் இரண்டு பூட்ஸையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். நாலு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் "நிறுத்து" என்றதும் ஹாரன் நின்றான். அவள் "வலது" என்றால் அவன் வலது காலை வைத்தான். இதே படிக்கட்டில் காலையிலிருந்து இருபது தடவை ஏறி இறங்கியவன் மேல்கை. பாரம் இல்லாமல் இறங்குவது இதுதான் முதல். அது அத்தனை படியிலும் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு உடையவில்லை. கணுவுக்கு மேலே இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற தசைநார் பாதி கிழிந்திருந்தது. சுளுக்குதான், ஆனால் சுளுக்குகளிலேயே கெட்ட சுளுக்கு என்றார் டாக்டர். ஆறு வாரம் காலைக் கீழே வைக்கக் கூடாது, அதற்கப்புறம் பயிற்சி. நடந்திருந்தால் ஆபரேஷன் என்றார்.

அதற்குள் ஹாரன் சொல்லி மேஸ்திரிக்கு விஷயம் போயிருந்தது. போனில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை வருஷமாக என்று. பதினோரு வருஷம் என்றான். பீரோவை வேறு ஆள் விட்டு இறக்கிக்கொள்கிறேன் என்றார். நாளைக்கு வரலாமா என்று மேல்கை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நடைக்கூடத்தில் சின்னவன் காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மேல்கை அவன் பக்கத்தில் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தான்.

"எங்கூட பாரம் இறக்கறப்ப எத்தனை தடவை?" என்று கடைசியில் சின்னவன் கேட்டான். பார்வை எதிர்ச்சுவரில் இருந்தது.

மேல்கை பொய் ஒன்றைத் தேடினான். தேடியதும் கிடைத்தது. சொல்லவில்லை.

"அஞ்சு. இன்னிக்கு சேர்த்து ஆறு."

"அந்தக் கண்ணாடி அலமாரி?"

"ஆமா."

"அது உடைஞ்சது என்னாலன்னு நான் மூணு நாள் சாப்பிடல." சின்னவன் தலையைத் திருப்பினான். "அன்னிக்கு நீங்க என்னைத் தட்டிக்கொடுத்து, பரவாயில்ல சகலை, எல்லாருக்கும் நடக்கறதுதான்னு சொன்னீங்க."

ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இருவர் முன்னாலும் கடந்து போனாள். சின்னவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திரையைத் துடைத்துவிட்டு, அவனிடம் நீட்டினான்.

"அவகிட்ட இன்னும் சொல்லல. நீங்க சொல்லுங்க. அடிபட்டுச்சுன்னு மட்டும் இல்ல. எப்படின்னும் சேர்த்து."

"வீட்டுக்குப் போய் நேர்ல..."

"இப்ப."

மேல்கை போனை வாங்கினான். இரண்டாவது மணியிலேயே மச்சினி எடுத்துவிட்டாள். புருஷன் பேசுகிறான் என்று நினைத்து, சாப்பாட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் மாமா பேசுகிறேன் என்றான். சத்தம் நின்றது, குழாயை மூடிவிட்டாள்.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"சொல்றேன்மா. உயிருக்கு ஒண்ணுமில்ல, கால்லதான்." அவன் போனை மறுகாதுக்கு மாற்றினான். சின்னவன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா அதுக்கு முன்னாடி என் காலைப் பத்தி உனக்குச் சொல்லணும். உங்க அக்காவையும் கூப்பிடு. ரெண்டு பேரும் கேளுங்க."